பூஜ்யம் போனால் தொழிலே மாறும்! – தொழில் குறியீட்டு எண்கள்

கொல்லிமலை குண்டூர் நாட்டில் மூன்று பேர் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒருவர் காபி பயிரிடுகிறார். இன்னொருவர் கொட்டையை வறுத்து அரைக்கிறார். மூன்றாமவர் பொடியைக் கடையில் விற்கிறார். "என்ன தொழில்?" என்று கேட்டால் மூவருமே "காபி" என்று எழுதக்கூடும். ஒருவர் 'காபி' என்றும் மற்றவர் 'காப்பி' என்றும் எழுதினால், கம்ப்யூட்டர் அவற்றை இரண்டு வெவ்வேறு தொழில்களாக எடுத்துக் கொள்ளும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதுதான் தேசிய தொழில் வகைப்பாடு. சுருக்கமாக என்.ஐ.சி. இதன் முதல் பதிப்பு 1970-ல் வந்தது. 2008 பதிப்பு ஐ.நா. சபையின் உலக வகைப்பாட்டை ஒட்டி அமைந்தது. சிறுதொழில்களுக்காக 2020-ல் தொடங்கிய உத்யம் பதிவிலும் என்.ஐ.சி. எண் கேட்கப்படுகிறது.

எண்ணைப் படிப்பது எப்படி?

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைப்பது போலத்தான். 2008 பதிப்பில் காபி பயிரிடுதலின் எண் 01272. இடமிருந்து படியுங்கள்:

01 – பயிர், கால்நடை வளர்ப்பு
012 – பல்லாண்டுப் பயிர்கள்
0127 – பானப் பயிர்கள்
01272 – காபி

வறுத்து அரைப்பவருக்கு 10792. இதில் முதல் இரண்டு இலக்கமான 10 உணவுப் பொருள் உற்பத்தியைக் குறிக்கும். கடைக்காரர் 47-ல் தொடங்கும் சில்லறை வணிகத்தில் வருவார். ஒருவரே பல வேலை செய்தால்? புள்ளிவிவரக் கணக்கில், பொருளின் மதிப்பை எந்த வேலை அதிகம் கூட்டுகிறதோ அதுவே முதன்மைத் தொழில்.

எக்செல்லில் கவனம்!

01272 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 1272 என்றுதான் தெரியும். எக்செல் இதை எண்ணாகக் கருதி முன்னால் உள்ள பூஜ்யத்தை நீக்கிவிடுகிறது. பிறகு லெஃப்ட் ஃபங்ஷன் மூலம் முதல் இரண்டு இலக்கங்களைப் பிரித்தால் கிடைப்பது 12. அது புகையிலைப் பொருள் உற்பத்தி! காபி விவசாயி கணக்கில் புகையிலை ஆலைக்காரர் ஆகிவிடுவார்.

இதைத் தவிர்க்க:

1. எண்களை டைப் செய்யும் முன் அந்த நெடுவரிசையின் தலைப்பில் ரைட் கிளிக் செய்யுங்கள்.
2. ஃபார்மேட் செல்ஸ் தேர்ந்தெடுங்கள்.
3. நம்பர் டேபில் டெக்ஸ்ட் என்பதைக் கிளிக் செய்து ஓகே கொடுங்கள்.

ஓரிரு எண்கள்தான் என்றால், எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி போட்டாலே போதும். செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் வந்தால் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே போன பூஜ்யம் ஃபார்மேட்டை மாற்றுவதால் திரும்பி வராது. எண்ணை மறுபடி டைப் செய்ய வேண்டும்.

பதிப்புக்குப் பதிப்பு எண்கள் மாறும் என்பதால், படிவம் எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று பார்த்து நிரப்புங்கள்.