நேரலைக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ட்விட்ச்சில் கேம் விளையாடி நேரலை செய்யப்போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி, தாராளமாகச் செய். ஆட்டிசம் இருப்பதை அங்கே சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறாய். அதை நீதான் முடிவு செய்யவேண்டும். யோசிக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

கல்யாண வீட்டில் பேச்சை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியாமல் தவிப்பாயே, அந்தத் தவிப்பு நேரலையில் குறைவு. யார் கண்ணையும் பார்க்க வேண்டாம். கேள்விகள் எழுத்தில் வரும். நிதானமாகப் படித்துப் பதில் சொல்லலாம். பிடித்ததை ஒரு மணி நேரம் விவரித்தாலும், அதைக் கேட்கவே வந்தவர்கள் இருப்பார்கள். புரியாமல் போவது ஒரு தரப்பின் குறையல்ல, இரு தரப்புக்கும் இடையில் நேர்வது என்று ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-லேயே எழுதினார். உன்னைப் புரிந்துகொள்ள முயல்பவர்களை நீயே சேர்த்துக்கொள்ள நேரலை ஒரு வழி.

சிரமங்களும் உண்டு. சாட் வேகமாக ஓடும்போது எது கிண்டல், எது அக்கறை என்று பிரிப்பது கடினம். புதிதாக ஒருவர் சேரும்போதெல்லாம் ஒலிக்கும் அலர்ட் காதைக் குடையும். எல்லாவற்றையும்விட, முதல் நாளே கலகலப்பானவன்போல நடித்தால் தினமும் அப்படியே நடிக்க வேண்டிவரும். பள்ளியில் அந்த நடிப்பு உன்னை எவ்வளவு களைக்கவைத்தது என்பது உனக்கே தெரியும்.

இனி, நீ கேட்டதற்கு வருகிறேன். 2021 மே மாதம் ட்விட்ச் 350-க்கும் மேற்பட்ட புதிய டேக்குகளைக் கொண்டுவந்தது. இனம், பாலினம், உடல்திறன், மனநலம் சார்ந்த அடையாளங்கள் அவற்றில் இருந்தன. தம்மைப் போன்றவர்களைத் தேடிக் கண்டடைய அவை பலருக்கு உதவின. அதே ஆண்டு ஆகஸ்டில், சிறுபான்மை அடையாளம் கொண்டவர்களின் சாட்டில் போலிக் கணக்குகள் கூட்டமாகப் புகுந்து வசை பொழிந்தன. அதைக் கண்டித்து செப்டம்பர் 1 அன்று பலர் நேரலையையே நிறுத்தினார்கள். ஒரே டேக் நண்பனையும் கூட்டிவரும், வம்பனையும் கூட்டிவரும். நேரலையில் சொன்னதைத் திரும்பப் பெறவும் முடியாது. அவசரம் வேண்டாம், சில மாதங்கள் பழகியபின் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

ஆனால் சில ஏற்பாடுகளை முதல் நாளே செய்துவிடு. வசைகளைத் தடுத்துவைக்கும் ஆட்டோமாடையும், சாட்டின் வேகத்தைக் குறைக்கும் ஸ்லோ மோடையும் போட்டுவை. நம்பிக்கையான இருவரை மாடரேட்டராக்கு. அலர்ட் ஒலியைக் குறை. முடிக்கும் நேரத்தை முன்பே அறிவித்துவிடு. அந்த நேரம் வந்ததும் யார் கெஞ்சினாலும் நிறுத்து. வருமானத்தை நம்பிப் படிப்பை விடாதே.

பார்வையாளர் எண்ணிக்கை ஏறும், இறங்கும். நேரலை முடிந்தபின் நீ களைத்து விழுகிறாயா, தெம்பாக இருக்கிறாயா என்பதைக் கவனி. தெம்பாக இருக்கும்வரை செய்.

அன்புடன்,
அக்கா