சிதறிய ஏடுகளும் செயற்கை நுண்ணறிவும்

புதுதில்லியின் சாணக்யபுரியில் அயல்நாட்டுத் தூதரகங்கள் நிறைந்துள்ளன. சாந்திபதம் என்னும் பெருவீதியில் சீனமும் யப்பானும், கௌடில்ய மார்க்கத்தில் இலங்கையும், நியாய மார்க்கத்தில் மியன்மாரும், சந்திரகுப்த மார்க்கத்தில் பூட்டானும் அமர்ந்திருக்கின்றன. இந்நாடுகள் யாவும் பகவான் புத்தரின் தம்மத்தைப் பெற்றவை. ஆயினும் காத்த மொழி ஒன்றன்று. இலங்கையும் மியன்மாரும் பாலியிற் காத்தன. சீனமும் யப்பானும் பழஞ்சீன மொழிபெயர்ப்பிற் காத்தன. பூட்டான் திபெத்திய மொழியிற் காத்தது. இவற்றுள் எவரது ஏட்டுப்பெட்டியும் நிறைவுடையதன்று. பாலி மஜ்ஜிம நிகாயத்தில் 152 சூத்திரங்கள் உள. அதற்கு நேரான சீன மத்யம ஆகமத்தில் 222 உள. ஒன்றிற் காணப்படுபவை பல மற்றதில் வேறு தொகுதியிற் கிடைக்கும்; சில கிடைக்கவே மாட்டா.

இது நமக்கும் அயலான செய்தியன்று. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைத்த அளவை இலக்கணத்தை அன்பர்கள் அறிவர். அங்கே பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து. சங்கரசுவாமி வடமொழியில் இயற்றிய நியாயப்பிரவேசத்திலும் இத்தொகைகளே காணப்படுகின்றன. அந்நூலை யுவான் சுவாங் 647-இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். வடமொழி மூலத்துக்கோ அரிபத்திரர் என்னும் சமணாசாரியர் உரை வகுத்தார். தமிழ்க் காப்பியத்தில் ஐயமுற்ற ஓரிடத்தைச் சீன ஏட்டாலும் சமணர் உரையாலும் தெளியலாம் என்பது எத்துணை வியப்பு! அறிஞர் ஆண்டுக்கணக்கில் உழைத்தே இவ்வுறவைக் கண்டனர்.

இன்று அத்தகைய உழைப்பிற் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவு ஏற்கத் தொடங்கியிருக்கிறது. அப்பொறி சொற்களை எண் நிரல்களாக மாற்றி, பொருளால் அணுக்கமானவற்றை அருகருகே நிறுத்துகிறது. ஆகவே எழுத்தொன்றும் ஒவ்வாத இரு மொழிகளிலும் நேரான வாக்கியங்களைச் சுட்டவல்லது. அமெரிக்காவின் பெர்க்லியில் வளர்ந்த தர்மமித்ரா என்னும் முயற்சி பாலி, வடமொழி, சீனம், திபெத்தியம் ஆகிய நான்கிலும் இவ்வாறு இயங்குகிறது. தமிழ் அந்நான்கனுள் இல்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

பொறி இணைக்கும், இணைத்தது மெய்யோ என்பதை யார் அறிவது? போகநகரத்தின் ஆனந்த சேத்தியத்தில் பகவான் நான்கு மகாபதேசங்களை அருளினார். ஒருவர் 'பகவான் வாயால் கேட்டேன்' என்றாலும், சங்கத்தாரிடம் கேட்டேன் என்றாலும், கற்ற தேரர் பலரிடமோ ஒருவரிடமோ கேட்டேன் என்றாலும், உடனே கொள்ளவும் வேண்டா, தள்ளவும் வேண்டா. அச்சொற்களை நன்கு மனங்கொண்டு சூத்திரத்தோடும் விநயத்தோடும் ஒத்துப் பார்த்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. பொறியை ஐந்தாவதாகச் சேர்ப்பதில் தவறில்லை.

குண்டலகேசி நமது இழந்த காப்பியம். புறத்திரட்டிலும் வீரசோழிய உரையிலும் நீலகேசி உரையிலும் எஞ்சிய செய்யுட்கள் சிலவே. நீலகேசியோ அதனை மறுக்க எழுந்த சமணர் நூல்! நம் வாசிப்புக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் பொறியிடம் குண்டலகேசிச் செய்யுள் கேட்டார். செவிக்கினியதாய் ஒன்று வந்தது, எண்ணும் இடப்பட்டிருந்தது. கூட்டத்தார் கண்கலங்கினர். நமக்கும் அதனை நம்ப ஆசையாயிருந்தது. மூன்று நூல்களையும் எடுத்து இரவெல்லாம் புரட்டினோம். எங்கும் அஃது இல்லை. இவ்விதழுக்கென அச்சுக்கோத்திருந்த அச்செய்யுளை மறுநாட் காலையில் நீக்கிவிட்டோம்.