வீட்டைப் பூட்டிப் பயணம் போகும்போது எச்.ஆர்.வி.யை என்ன செய்வது?

மார்கழி விற்பனை முடிந்த கையோடு, ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள நம் வர்த்தகர்களிற் பலர் குடும்பத்துடன் ஒரு மாதம் ஊருக்குப் போய் வருவது வழக்கம். கடைக்கு ஆள் ஒழுங்கு செய்கிறோம். வரவேண்டிய சரக்குக்கும் கொடுக்கவேண்டிய காசோலைக்கும் வழி செய்கிறோம். வீட்டைப் பற்றி மட்டும் புறப்படும் அன்று காலையில்தான் யோசிக்கிறோம். பேஸ்மென்றில் ஓடிக்கொண்டிருக்கும் எச்.ஆர்.வி. என்னும் வெப்பமீட்புக் காற்றோட்டக் கருவியைச் சிலர் அப்படியே ஓடவிட்டுப் போகிறோம். சிலர் "ஆளில்லாத வீட்டுக்குக் காற்று எதற்கு?" என்று விசையை அணைத்துவிட்டுப் போகிறோம். எது சரி என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். அதைத் தீர்மானிக்கும் வழியை இங்கே பார்ப்போம்.

கருவியின் வேலை

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், சூடு வெளியேறாதபடி காற்றுப்புகா வீடுகளைக் கட்டும் முயற்சி கனடாவில் தொடங்கியது. 1977இல் ரெஜைனா நகரில் கட்டப்பட்ட சஸ்காச்சுவான் சேமிப்பு வீடு அவற்றுள் பெயர் பெற்றது. இடைவெளிகளை அடைத்தால் சூடு நிற்கும். ஆனால் சமையல், குளியல், மூச்சு ஆகியவற்றின் ஈரமும் உள்ளேயே நிற்கும். நான்கு பேர் உள்ள குடும்பம் ஒரு நாளில் ஏறத்தாழ 10 லீற்றர் நீரை ஆவியாகக் காற்றில் சேர்க்கிறது. அது வெளியேறாவிட்டால் யன்னலில் நீராக வடியும். பின்னர் சுவரில் பூஞ்சணமாகப் படரும்.

இதற்குத் தீர்வாகவே இக்கருவி வந்தது. ஒரு விசிறி பழைய காற்றை வெளியே தள்ளும். மற்றொன்று புதிய காற்றை உள்ளே இழுக்கும். இரண்டும் மெல்லிய தகடுகளின் இருபுறமும் ஒன்றோடொன்று கலவாமல் செல்லும்போது, வெளியேறும் காற்றின் சூடு உள்ளே வரும் காற்றுக்கு மாறுகிறது.

கணக்கைப் பார்ப்போம்

கருவி நிமிடத்துக்கு 60 கன அடி காற்றை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டினுள் 20 பாகை, வெளியே சைபருக்குக் கீழ் 10 பாகை. சூட்டை மீட்காமல் இந்தக் காற்றை மாற்றினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 24 அலகு சூடு வெளியே போகும். கருவி நூற்றுக்கு 70 பங்கை மீட்டுத் தந்தால் நட்டம் 7 அலகு அளவில் நிற்கும். ஆக, மீட்ட பின்னரும் ஒரு நட்டம் உண்டு.

பெரும்பாலான சுவர்க் கட்டுப்பாட்டுப் பலகைகளில், மணிக்கு 20 நிமிடம் ஓடி 40 நிமிடம் நிற்கும் நிலை ஒன்று இருக்கும். அதில் வைத்தால் இந்த நட்டம் மூன்றிலொன்றாகக் குறையும். 30 நாளில் 144 அலகு சூடு மிஞ்சும். எரிவாயுவில் சொன்னால் ஏறத்தாழ 15 கன மீற்றர். கருவியின் விசிறிகள் 60 வாற்று எடுப்பதாகக் கொண்டால், 43 அலகு மின்சாரம் 14 அலகாகக் குறையும். சில கருவிகளில் மிகுதி 40 நிமிடமும் விசிறி நிற்காமல் உள்காற்றையே சுற்றவிடும். அவ்வாறு சுற்றாமல் நிற்கும் நிலை உண்டா என்று கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு

பல வீடுகளில் எச்.ஆர்.வி.யின் புதிய காற்று ஃபேர்னஸ் குழாய் வழியாகவே அறைகளுக்குப் போகிறது. எச்.ஆர்.வி. ஓடும் நேரமெல்லாம் ஃபேர்னஸின் பெரிய விசிறியும் ஓடும்படி இணைத்திருப்பார்கள். பழைய வகை மோட்டார் 400 வாற்று எடுத்தால் மாதத்தில் 288 அலகு. அலகுக்கு 15 சதம் என்று கொண்டால் 43 டொலர். எச்.ஆர்.வி.யை 20 நிமிட நிலையில் வைத்தால் இச்செலவு 15 டொலருக்குள் அடங்கும். அந்த மின்சாரமும் வீட்டுக்குள் சூடாகத்தானே முடிகிறது என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் எரிவாயுச் சூட்டைவிட மின்சாரச் சூடு விலை கூடியது. புதிய வகை மோட்டார்கள் இதைவிட மிகக் குறைவாகவே எடுக்கும்.

தேர்மோஸ்ரற்றை 20 பாகையிலிருந்து 15 பாகைக்கு இறக்கினால், மேற்சொன்ன குளிரில் சுவர், யன்னல் வழியே போகும் சூடும் ஆறிலொரு பங்கு குறையும். இதற்கும் கீழே இறக்கித் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால், பல ஆண்டுச் சேமிப்பும் ஒரே இரவில் போய்விடும்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நாம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். வீடு முழுவதும் பூட்டிக் கிடந்தால் ஈரம் சேர்ப்பார் இல்லை. 20 நிமிட நிலை போதும். ஆனால் நம்மிற் பலர் பேஸ்மென்றை வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். மேல்வீட்டார் ஊருக்குப் போனாலும் கீழே ஒரு குடும்பம் சமைக்கிறது, குளிக்கிறது, குழந்தையை உறங்க வைக்கிறது. கட்டுப்பாட்டுப் பலகையோ மேல்வீட்டின் பூட்டிய கதவுக்குள் இருக்கிறது. அந்த நிலையில் நாம் கருவியை அணைத்துவிட்டுப் போவது, வாடகை வாங்கிக்கொண்டு அவர்களின் காற்றை நிறுத்துவதற்குச் சமம். அத்தகைய வீட்டில் எச்.ஆர்.வி.யில் கை வைக்க வேண்டாம். தேர்மோஸ்ரற்றையும் இறக்க வேண்டாம்.

மிளகாய்த்தூள், அரிசி, புடைவை போன்ற சரக்கைச் சிலர் பேஸ்மென்றில் அடுக்கி வைப்பதுண்டு. சரக்கும் ஒருவகையில் குடியிருப்பவரே. பெட்டிகளைச் சுவரோடு ஒட்டாமல், நிலத்தில் படாமல் பலகை மேல் வைத்து, காற்றோட்டத்தையும் குறைந்த அளவில் ஓடவிட வேண்டும்.

கோடைப் பயணம்

ஆடி, ஆவணியில் போவோருக்குக் கணக்கு தலைகீழ். அப்போது வெளிக்காற்றுத்தான் ஈரமானது. கருவியில் ஈரப்பதன் அளவுக்கான திருகு ஒன்று இருக்கும். குளிர்காலத்தில் குறைத்து வைத்த திருகை அப்படியே விட்டுப் போனால், வீட்டின் ஈரத்தைக் குறைப்பதாக எண்ணி அது உச்ச வேகத்தில் இரவுபகலாக ஓடும். ஈரமான வெளிக்காற்றை மேலும் மேலும் உள்ளே சேர்க்கும். கோடையில் அத்திருகை அணைத்துவிட வேண்டும். வீட்டில் ஒருவரும் இல்லையென்றால் கருவியையே நிறுத்தி, பேஸ்மென்றில் ஈரமகற்றும் கருவியை வடிகாலுடன் இணைத்து ஓடவிடலாம்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

1. வடிகட்டிகளைக் கழற்றித் தூசி நீக்குங்கள். ஒருபுறம் அடைபட்டால் உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் சமன் குலையும்.

2. வெளிச்சுவரில் உள்ள காற்று வாயில்களைப் பனியோ சருகோ மூடாதபடி பாருங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடமும் சொல்லி வையுங்கள்.

3. கருவியின் அடியிலுள்ள நீர் வடியும் குழாய் அடைபடவில்லையா என்று ஒரு கோப்பை நீர் ஊற்றிச் சோதியுங்கள்.

4. கீழே ஆளில்லையென்றால் பிரதான தண்ணீர் வால்வை மூடுங்கள்.

5. காப்புறுதிப் பத்திரத்தை வாசியுங்கள். குளிர்காலத்தில் சில நாட்களுக்கு மேல் வீடு ஆளின்றிக் கிடந்தால், நாள்தோறும் ஒருவர் வந்து பார்த்திருந்தாலன்றிக் குழாய் உறைந்த நட்டத்துக்கு இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு.

6. திரும்பி வந்ததும் சில மணிநேரம் கருவியை உச்ச வேகத்தில் ஓடவிட்டு, பின்னர் வழமையான நிலைக்கு மாற்றுங்கள்.

இவற்றால் ஒரு மாதத்தில் மிஞ்சுவது முப்பது, நாற்பது டொலர். வியாபாரிக்கு அதுவும் காசுதான், விட வேண்டியதில்லை. ஆனால் அந்த நாற்பது டொலருக்காகச் சுவரையோ, சரக்கையோ, கீழ்வீட்டுக் குழந்தையின் மூச்சையோ அடகு வைப்பது நல்ல வியாபாரம் ஆகாது.