நகராத சிவப்புப் புள்ளி

உங்கள் வீட்டுச் சன்னல் கண்ணாடியில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தொலைவிலுள்ள மரத்தின் உச்சி அப்பொட்டுக்கு நேராகத் தெரியும்படி நில்லுங்கள். இப்போது தலையைச் சற்றே அசையுங்கள். பொட்டு மரத்தை விட்டு விலகிவிடுகிறது அல்லவா? இதுவே இடமாறு தோற்றப் பிழை. பொட்டு அருகிலும் மரம் தொலைவிலும் இருப்பதே இதற்குக் காரணம்.

ரைபிளால் குறி பார்ப்பவருக்கும் இதே தொல்லை உண்டு. சாதாரண ரைபிளின் குழல் மீது பின்புறம் ஒரு பிளவும் முன்புறம் ஒரு முனையும் இருக்கும். பிளவு, முனை, இலக்கு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். ஆனால், அவை வெவ்வேறு தொலைவுகளில் இருப்பதால், ஒரே சமயத்தில் ஒன்றை மட்டுமே கண்ணால் தெளிவாகக் காண முடியும்.

பொட்டையும் மரத்தைப் போலத் தொலைவுக்குக் கொண்டுபோய்விட்டால்? அதற்கு வழி கண்டவர், அயர்லாந்தின் டப்ளின் நகரில் தொலைநோக்கிகள் செய்துவந்த ஹோவர்டு கிரப். 1900-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். குவிலென்சின் குவியத்தில் ஒளிரும் குறி ஒன்றை வைத்தால், அதன் கதிர்கள் லென்சைக் கடந்தபின் இணைகதிர்களாகும் என்று படித்திருப்பீர்கள். அவற்றைச் சாய்ந்த கண்ணாடித் தகட்டில் எதிரொளிக்கச் செய்து கண்ணுக்கு அனுப்பினால், குறி ஈறிலாத் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். தலை அசைந்தாலும் அது தொலைவிலுள்ள இலக்கை விட்டு விலகாது. அருகிலுள்ள இலக்கில் மட்டும் சிறு பிழை எஞ்சும்.

1975-ல் சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம், ஒளி உமிழ் டையோடு கொண்ட சிவப்புப் புள்ளிக் கருவியை வெளியிட்டது. இன்றைய சிறு கருவிகளில் லென்சும் தகடும் ஒன்றாகிவிட்டன. வளைந்த கண்ணாடியின் பூச்சு சிவப்பொளியை எதிரொளித்து, மற்ற நிறங்களைப் பெரும்பாலும் ஊடுருவ விடுகிறது. இது லேசர் அன்று. இலக்கின்மீது எந்தப் புள்ளியும் விழுவதில்லை.

இத்தகைய கருவிகளில் 30 கிராம் அளவே எடையுள்ளவையும் உண்டு. எனவே இலேசான ரைபிளுக்கு இவை ஏற்றவை. இதைக் குழலை ஒட்டித் தாழ்வாகப் பொருத்தவே பலர் விரும்புகின்றனர். கன்னம் ரைபிளின் கட்டையில் நன்கு பதிந்திருக்கும். கழுத்தை உயர்த்த வேண்டியதில்லை. ஆனால், தாழ்வாகப் பொருத்தினால் குறி தவறவே தவறாதா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

பார்வைக்கோடு மேலே, குழல் கீழே. குண்டின் வேகம் நொடிக்கு 330 மீட்டர் என்க. காற்றின் தடையை விட்டுவிடுவோம். 50 மீட்டர் செல்வதற்குள் புவியீர்ப்பினால் குண்டு ஏறத்தாழ 11 செ.மீ. இறங்கிவிடும். ஆகவே குழலைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து, 50 மீட்டரில் குண்டு பார்வைக்கோட்டைச் சந்திக்கும்படி அமைக்கிறோம்.

கருவி குழலுக்கு 4 செ.மீ. மேலே இருந்தால், 10 மீட்டரில் குண்டு புள்ளிக்கு 1.4 செ.மீ. கீழே படும். உயரத்தை 2.5 செ.மீ. ஆகக் குறைத்தால், பிழை 0.2 செ.மீ.தான். தாழ்வே வென்றது என்கிறீர்களா? பொறுங்கள்! 25 மீட்டரில் உயர்ந்த கருவியின் பிழை 0.8 செ.மீ.; தாழ்ந்த கருவியின் பிழையோ 1.6 செ.மீ.! இங்குக் குண்டு புள்ளிக்கு மேலே படுகிறது. ஓரிடத்தில் கிடைத்த இலாபம் மற்றோரிடத்தில் நட்டமாகிவிட்டது.

புள்ளி நகராதது உண்மை. ஆனால் அது பார்வைக்கோட்டை மட்டுமே காட்டும்; குண்டின் பாதை வளைகோடு. அதனால்தான் உரிமம் பெற்ற பயிற்சிக் களத்தில், ஒவ்வொரு தொலைவிலும் சுட்டுச் சரிபார்த்த பின்னரே இலக்கை நம்புகின்றனர்.

துப்பாக்கியின்றியே கிரப்பின் புள்ளியை நீங்கள் காணலாம். டார்ச் விளக்கைச் சிவப்புத் தாளாலும் ஊசித்துளையிட்ட அட்டையாலும் மூடுங்கள். துளையை ஓர் உருப்பெருக்கி லென்சின் குவியத்தில் வையுங்கள். லென்சுக்கு முன்னே கண்ணாடித் துண்டை 45 பாகை சாய்த்து, அதன் வழியே மாலை வேளையில் அந்த மரத்தைப் பாருங்கள். சூரியன் இருக்கும் திசையை மட்டும் நோக்காதீர்கள். தலையை அசைத்துப் பாருங்கள். சன்னல் பொட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.