புதுசுன்னா சுத்தமா?



துருப்பிடித்தல் பற்றிப் பாடத்தில் படிக்கிறோம், பரீட்சையில் எழுதுகிறோம், மறந்துவிடுகிறோம். ஆனால் ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைக்கும் விவசாயிக்கு அது பணம் சம்பந்தப்பட்ட பாடம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம் பக்கத்தை மூழ்கடித்தது ஞாபகம் இருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள்கூட நின்றன. அதன்பிறகு என் மாமா பட்டறைக்கு, தண்ணீரில் மூழ்கிய இன்ஜின்கள் நிறைய வந்தன. புது லைனர் வாங்கி வந்து பெட்டியைப் பிரித்தால், அதன் மேலும் செம்மண் பூசின மாதிரி மெல்லிய துரு!

புதுசில் எப்படித் துரு வரும்? கம்பெனியில் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் உறையில் சுற்றித்தான் அனுப்புகிறார்கள். உறை கிழிந்து எண்ணெயும் காய்ந்துவிட்டால், ஈரக்காற்றே போதும். இரும்பு, ஆக்சிஜன், நீர் மூன்றும் சேர்ந்தால் நீரேறிய இரும்பு ஆக்சைடு, அதாவது துரு.

"ஓட ஓட தேஞ்சி போயிடும், அப்படியே மாட்டுப்பா" என்பார்கள் சிலர். தேயும், உண்மைதான். ஆனால் எது தேயும்? நகைக்கும் கண்ணாடிக்கும் பாலிஷ் போடப் பயன்படும் 'ரூஜ்' என்ற சிவப்புப் பொடியும் இரும்பு ஆக்சைடுதான். அப்படிப்பட்ட பொடி எண்ணெயோடு கலந்து ஓடினால் ரிங், லைனர், பேரிங் எல்லாவற்றையும் அராவும். கம்ப்ரஷன் குறையும், புகை வரும். கதிர் வரும் நேரத்தில் இன்ஜின் நின்றால் பயிர் என்ன ஆகும்?

மாமா செய்யும் முறை இது:

1. துரு உள்ள இடத்தை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். குழி தட்டுப்பட்டால் மாட்டாமல் கடையில் மாற்ற வேண்டும்.

2. மேலோட்டமான துரு என்றால் மண்ணெண்ணெய் அல்லது டீசலில் ஊறவைத்து, துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

3. லைனரின் உள்பக்கம் உப்புத்தாள் போடக் கூடாது. அங்குள்ள குறுக்குக் கோடுகள் எண்ணெயைப் பிடித்து வைப்பதற்காகப் போட்டவை. துணிக்குப் போகாத துரு என்றால் ஹோனிங் செய்யும் இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

4. வால்வு ஸ்பிரிங்கை ஆசிட்டில் போடக் கூடாது. எஃகு நொறுங்கும் தன்மை அடையும்.

5. கடைசியில் சுடு சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். கோடுகளுக்குள் தங்கிய பொடி அப்போதுதான் வெளியே வரும். "தண்ணி பட்டா மறுபடியும் துரு வராதா மாமா?" என்று கேட்டேன். "வரும்டா! அதனாலதான் தொடச்ச கையோட எண்ணெய் தடவணும்" என்றார்.

பிறகு எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பார். துணியில் சிவப்போ கறுப்போ ஒட்டினால், திரும்பவும் கழுவ வேண்டியதுதான். துணி வெள்ளையாகவே வந்தால்தான் மாட்டுவார்.

இந்த வேலைக்கு அரை மணி நேரமும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும். உங்கள் வீட்டு இன்ஜினுக்குப் புது சாமான் வந்தால், மாட்டும் முன்பு ஒரு வெள்ளைத் துணியோடு பக்கத்தில் போய் நில்லுங்கள்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்