விடுமுறையில் நம் வீட்டுப் பூனை

விடுமுறை வந்தால் நமக்குக் கொண்டாட்டம். வீட்டுப் பூனைக்கோ திண்டாட்டம். நாய்க்கு ஆள் துணை போதும். பூனைக்குத் தன் வீடும் தன் மூலையும் வேண்டும். இதை அறியாமல், சென்ற ஆண்டு வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டபோது எங்கள் மணியைக் கூடையில் வைத்து அத்தை வீட்டில் விட்டுச் சென்றோம். அது கட்டிலுக்கடியில் ஒடுங்கிக்கொண்டு, 3 நாள் மீனைக்கூட முகரவில்லையாம். பூனை பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும் என்று கால்நடை மருத்துவர் கூறியதும் அம்மா அழுதுவிட்டார்கள். நல்லவேளை, மணி பிழைத்தது.

இவ்வாண்டு அதை வீட்டிலேயே விட்டுப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சாவி கொடுத்தோம். "பால்சோறு போதாதா?" என்றார்கள் பாட்டி. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கைத் தரும். மீனிலும் இறைச்சியிலும் உள்ள டாரின் என்னும் சத்துக் குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். குழம்பு மீனும் ஆகாது. வெங்காயம் அதன் இரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே வெறுமனே வேகவைத்த மீன், இரண்டு கிண்ணம் தண்ணீர், மணல் தட்டு, அம்மாவின் பழைய சேலை ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்தோம். ஒரு நாள் முழுதும் உண்ணாவிட்டால் மருத்துவரிடம் காட்டவும், காய்ச்சல் என்று எண்ணிப் பாரசிட்டமால் கொடுத்துவிட வேண்டாம், அது பூனைக்கு நஞ்சு என்றும் எழுதி வைத்தோம்.

நாங்கள் திரும்பியபோது மணி எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. பாட்டியின் பின்னாலேயே போயிற்று!