இசைத்தட்டின் மெய்ம்மை காணல்

அரிய பொருள் எதுவோ, அதற்குப் போலியும் உண்டு. நாணயத்துக்கும் ஓவியத்துக்கும் நேர்ந்த இக்கேடு இசைத்தட்டுக்கும் நேர்ந்துளது. பொருளைக் கையால் தொடாமலே இணையத்தின் வாயிலாக வாங்கும் இக்காலத்தில், மெய்த்தட்டைப் போலியினின்று பிரித்தறிவது எங்ஙனம் என ஈண்டு ஆராய்வோம்.

வினைல் தட்டு பிறக்கும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். அரக்குப் பூசிய மூலத்தட்டொன்றில் இசைவரிகள் வெட்டப்படும். வரிகள் முடிந்த பின்னர், நடுச்சீட்டு வரையில் எஞ்சும் வெற்று வளையத்தில் அதற்குரிய எண் பொறிக்கப்படும். அம்மூலத்தினின்று எடுத்த உலோக அச்சுக்களால் தட்டுக்கள் அழுத்தப்படுகின்றமையால், அவ்வெண் ஒவ்வொரு தட்டிலும் பதியும். உறையும் சீட்டும் தனியே அச்சிடப்படுவன. ஆதலின் எளிதிற் பொய்க்கும். போலி செய்வோன் இசையைப் பெயர்த்துப் புதுமூலம் வெட்டுவானாயின், வளையத்தின் எழுத்து வேறுபட்டு அவனைக் காட்டிக்கொடுக்கும்.

1963இல் கொலம்பியா நிறுவனத்தார் வெளியிட்ட ‘தி ஃப்ரீவீலின் பாப் டிலன்’ இதற்கு நல்ல சான்று. இறுதி வேளையில் நான்கு பாடல்கள் நீக்கப்பெற்று, வேறு நான்கு சேர்க்கப்பெற்றன. எனினும் பழைய பாடல்களுடன் சில தட்டுக்கள் வெளிப்போந்தன. அவற்றுள் மோனோத் தட்டுக்களின் சீட்டிற் காண்பனவோ புதிய பாடல்களின் பெயர்களே! சீட்டை மட்டும் படிப்போன் ஏமாறுவான். வளையத்தெண்ணின் ஈற்றில் ‘1ஏ’ உளதா எனக் கண்டு, நீக்கப்பெற்ற ‘ராக்ஸ் அண்ட் கிராவல்’ ஒலிக்கின்றதா எனச் செவிகொடுப்போனே உண்மை அறிவான்.

சீட்டே போலியைக் காட்டுவதும் உண்டு. 1964இல் வீ-ஜே நிறுவனத்தார் வெளியிட்ட ‘இன்ட்ரொடியூசிங் தி பீட்டில்ஸ்’ தட்டுக்குப் போலிகள் மிகப் பல. மெய்த்தட்டின் சீட்டில் தொகுப்பின் பெயரும் குழுவின் பெயரும் நடுத்துளைக்கு மேலேயே நிற்கும்; துளைக்கு மேலொன்றும் கீழொன்றுமாய்ப் பிரிந்து நிற்பின் அது போலியாம்.

ஆகவே, விலை கொடுக்குமுன் இருபுறத்து வளையங்களின் தெளிவான நிழற்படங்களைக் கேட்டுப் பெறுக. அவற்றை ‘டிஸ்காக்ஸ்’ முதலிய பட்டியல்களில் உள்ள எண்களோடு ஒப்பிடுக. வளையத்தெழுத்தையும் பார்த்தெழுத வல்லார் உளராதலின், ஒரு சான்றை மட்டும் நம்பற்க. எண், சீட்டு, உறை, ஒலி ஆகிய நான்கும் ஒருவாய்ப்படச் சான்று பகர்தல் வேண்டும். படம் தர மறுப்பவரிடம் வாங்காது விடுதலே அறிவுடைமை.

விற்பவரும் முன்னொருவரால் ஏமாற்றப்பட்டவராயிருக்கலாம். ஆதலின் வினாவுதல் பணிவோடு அமைக. ஆயின், போலியென்று அறிந்தபின் அதனைப் பிறர் தலையிற் கட்டுவோன், இழந்த பொருளோடு தன் நேர்மையையும் இழந்தவனாவான்.